லேப்டாப்பில் கொஞ்சம் இடம்

"ஏம்மா ஹலினா, பாட்டெல்லாம் எங்க போச்சு?"

பாட்டுக்குழுத் தலைவர் எய்லர்ட் அப்படித்தான் கேட்டார். 'எங்கே போச்சு' என்பதைவிட 'ஏன் இப்படிப் பண்ணினாய்' என்பதுதான் அதில் உரக்கக் கேட்டது.

அந்த ஊர்ப் பாட்டுக்குழு வருஷக்கணக்கில் பாடியதெல்லாம் இணையத்தில் ஒரு பொதுப் பெட்டியில் இருந்தது. நிர்வாகிகள் ஐந்து பேரின் லேப்டாப்பிலும் அந்தப் பெட்டி தெரியும். இப்போது ஐந்திலும் காலி.

"எனக்குத் தெரியாதுங்க. நான் தொடவே இல்ல."

"போன வாரம் நீதானே புலம்பின? சின்ன லேப்டாப்பு, இடமே இல்ல, திறந்தா சிவப்புக் கோடு காட்டுதுன்னு?"

"புலம்பினேன். அதுக்காக?"

"அதுக்காகத்தான் கேக்கறேன்."

ஹலினாவுக்குப் பரிந்து யாரும் வாய் திறக்கவில்லை. போலந்திலிருந்து வந்தவள். ஊர் முதியோர் இல்லத்தில் வேலை. இந்த வருஷம்தான் குழுவுக்குச் செயலாளர் ஆனாள். ஊருக்கு இளைத்தவள் ஒருத்தி கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

"ஆல்முத் பாடினதுமா போச்சு?" மூலையிலிருந்து ஹாபோ கேட்டார்.

ஆல்முத் அவர் மனைவி. ஈஸ்டர் கச்சேரியில் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். குளிர்காலம் பிறக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் என்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

"அதுவும்தான் ஹாபோ." எய்லர்ட் எழுந்து நின்றார். "இதைச் செஞ்சது யாரா இருந்தாலும் இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இது என் முடிவு!"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஹாபோ மட்டும் ஆட்டவில்லை. அவருக்கு ஆள் வேண்டாம், பாட்டு வேண்டும்.

தேநீர் வந்தது. ஹலினா முதல் கோப்பையிலேயே கரண்டியை உள்ளே போட்டுவிட்டாள், போதும் என்று. மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்திருப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. அதையும் அவள் கணக்கில் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நேத்து பெட்டி காலியா இருந்ததப் பார்த்ததுமே எங்க இல்லத்துல கம்ப்யூட்டர் பார்க்கறவர்கிட்ட கேட்டேன். அழிச்சதெல்லாம் கொஞ்ச நாள் அதோட குப்பைத்தொட்டியில கிடக்குமாம். எந்த லேப்டாப்புல அழிச்சதுன்னும் காட்டுமாம். வர்ற வியாழக்கிழமை அவரைக் கூட்டிட்டு வர்றேன், எல்லார் முன்னாடியும் திறந்து பார்த்துடலாம். ஹாபோ, உங்க வீட்டம்மா பாட்டு கிடைச்சிடும்."

ஹாபோவின் முகத்தில் உயிர் வந்தது.

"தாராளமா!" என்றார் எய்லர்ட். "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?"

வீட்டில் அவர் மனைவி டோம்கே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். மளிகைக் கடைத் தள்ளுபடியில் உருளைக்கிழங்கோடு சேர்த்து எய்லர்ட் வாங்கி வந்தது.

"என்ன பண்ணின இத? முக்கிக்கிட்டுக் கிடந்தது, இப்ப பறக்குது!"

"சனிக்கிழமை உட்கார்ந்து வேண்டாததையெல்லாம் கூட்டித் தள்ளினேன். என் லேப்டாப்பு, என் குப்பை. சிலரை மாதிரி பொதுச் சொத்துல கை வைக்கல!"

டோம்கே சிரித்தபடி சமையலறைக்குப் போனாள்.

எய்லர்ட்டுக்கு வியாழக்கிழமை வரை பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பொதுப் பெட்டியின் குப்பைத்தொட்டியைத் திறந்தார்.

பாட்டெல்லாம் பத்திரமாக இருந்தன. முதல் வரியிலேயே ஆல்முத். பக்கத்தில், 'நீக்கிய நாள்: சனிக்கிழமை. நீக்கியது: எய்லர்ட் லேப்டாப்.'

தன்னிடம் இருந்தது ஒரு நகல் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரே பெட்டிக்கு ஐந்து சாவி. எந்தச் சாவியால் திறந்து காலி செய்தாலும் பெட்டி காலிதானே!

"அவதானே?" என்று சமையலறையிலிருந்து டோம்கே கேட்டாள்.

எய்லர்ட் அந்த வரியை மறுபடியும் படித்தார். 'வேணும்னேவா செஞ்சேன்? தெரியாம நடந்தது' என்று அவர் மனசு அவருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஹலினாவுக்காக அது ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

திரையின் கீழே இரண்டு பொத்தான்கள். 'மீட்டெடு' என்பதை அழுத்தினால் பாட்டுகள் திரும்பிவிடும். கூடவே, நீக்கியது யார் என்ற தகவலும் ஐந்து பேருக்கும் போய்விடும்.

'நிரந்தரமாக நீக்கு' என்பதை அழுத்தினால் யாருக்கும் ஒன்றும் போகாது.

இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. தன் குரலே அவருக்குக் கேட்டது.

வியாழக்கிழமை ஹாபோ நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஹலினா அழைத்து வந்தவர் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க ஒண்ணுமே இல்லீங்க. யாரோ இதையும் சுத்தமா காலி பண்ணியிருக்காங்க. இனிமே எடுக்க வழியில்ல."

எல்லோர் கண்ணும் ஹலினா பக்கம் திரும்பியது. அவள் தன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஹாபோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். எய்லர்ட் அருகில் போய் அவர் தோளை ஆதரவாக அணைத்துக்கொண்டு, அவள் போன திசையைப் பார்த்தார்.

"குப்பையைக்கூட விட்டு வைக்கலையே, பாவி!"