குட்டிக்கோஸ் கோப்பை

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இன்று காலை பத்து மணி வரை இந்த வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தக் கூடாது, தும்மக் கூடாது, சமையலறை மேசையைத் தொடவே கூடாது!"

லயனல் பிக்கர்ஸ்கில் கெட்டிலைக் கரண்டியால் தட்டி இதை அறிவித்தார். சகலர் என்பது அவருடைய மனைவி மியூரியல் ஒருத்திதான்.

அவள் தேநீரைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அப்போ டோஸ்ட்டை எங்க வச்சுத் திங்கறது? குளியலறையிலயா?"

மேசை முழுக்க ஈரத்துண்டின் மேல் பிரஸ்ஸல்ஸ் குட்டிக்கோஸ்கள், நெல்லிக்காய் பருமனில் முட்டைக்கோஸ்கள். விடிந்ததும் விடியாததுமாகப் பின்தோட்டத்தில் பறித்தவை. அவற்றில் பதினைந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினைந்தும் ஒரே அளவு, ஒரே பச்சை, கல் மாதிரி இறுக்கம். கிராமத் தோட்டச் சங்கத்தின் டிசம்பர்க் கண்காட்சி விதி அப்படி. பதினோரு வருடங்களாக அதன் முதல் பரிசுக் கோப்பை லயனல் வீட்டுக் கணப்பின் மேல்தான் நிற்கிறது. சங்கத்தின் தலைவர் அவர். சங்கப் பத்திரிகையில் மாதம் தவறாமல் ஊருக்கு அறிவுரை எழுதுகிறவரும் அவர்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே கோஸை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"இந்தத் தடவை போயிடும், மியூரியல். கோப்பை போயிடும்."

"எங்க போகும்? அதுக்கென்ன காலா இருக்கு? போன வருஷமும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்தின வருஷம் வாந்தியே எடுத்தே."

"அப்பல்லாம் நடுவர் நம்ம ஆர்னால்ட். பாவம், கண்ணே சரியாத் தெரியாது. இப்போ வர்றது ஓல்ட்ராய்டுன்னு ஒரு பொம்பள. பார்க்கிறதோட விடமாட்டாளாம். கத்தியை எடுத்து நடுவுல பிளந்துடுவாளாம். பக்கத்து ஊர்ல ஒருத்தனோட வெங்காயத்தைப் பிளந்திருக்கா. அந்த ஆள் அழுத அழுகை இன்னும் நிக்கலையாம்."

"வெங்காயத்தை வெட்டினா யாரா இருந்தாலும் அழுவாங்க."

லயனல் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பதினாலு தேறின. பதினைந்தாவது மெத்தென்று அமுங்கியது; மிச்சம் எதுவும் அளவில் சேரவில்லை.

நாற்று நட்டதும் மண்ணைக் குதிகாலால் நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கோஸ் இறுகாமல் வாயைப் பிளந்துகொள்ளும் என்று முழுப் பக்கத்துக்கு எழுதியவர் அவர். இந்த ஜூனில் முழங்கால் வலி. மிதிக்கவில்லை. ஒன்று அமுங்கினால் மற்றவற்றின் உள்ளே என்ன இருக்கிறதோ? அது ஊருக்குத் தெரிந்தால்?

செருப்போடு உறைபனியில் ஓடினார். பறவைகள் கொத்தாமல் போர்த்தியிருந்த வலையைத் தூக்கி, தண்டு தண்டாகத் தடவி, புறாக்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி, கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். வெளியே பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"உள்ள?" என்றாள் மியூரியல்.

"அதைக் கேட்காதே!"

பத்து மணிக்குக் கிராம மண்டபத்தில் தட்டை வைத்தார். வழக்கப்படி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் மதுக்கடையைப் பார்த்து நடந்தார்கள். லயனல் மட்டும் பக்கவாட்டு ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு குளிரில் நின்றார். மியூரியலும் நிற்கவேண்டியதாயிற்று.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளே, 'சக்'.

லயனல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிளக்கிறா."

"போட்டிக்கு வந்த கேக்கா இருக்கும்."

"கேக் அப்படிச் சத்தம் போடாது."

சக்.

"ரெண்டாவது! ஐயோ, எத்தனையைப் பிளப்பா?"

"தட்டுல பதினஞ்சுதானே இருக்கு. எண்ணிக்கிட்டே இரு, உடம்பாவது சூடாகும்."

எண்ணினார். ஐந்தில் அவருக்கு வியர்த்தது. எட்டில் கண்ணை மூடிக்கொண்டார். பத்திரிகையில் அடுத்த மாதம் தன் பெயர் எந்தப் பக்கத்தில் வரும், பின்னால் யார் யார் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், எல்லாம் தெரிந்துவிட்டது. ஒன்பதாவதோடு சத்தம் நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"போதும்னு முடிவு பண்ணிட்டா," என்றார். "வீட்டுக்குப் போயிடலாமா?"

"தலைவர் இல்லாம கதவைத் திறக்க மாட்டாங்க. வா."

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. ஜாம், பீட்ரூட், வெங்காய மேசைகளைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. லயனல் யாருடைய முகத்தையும் பார்க்காமல், தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி குட்டிக்கோஸ் மேசை இருந்த கோடிக்கு நடந்தார்.

ஒன்பது கோஸ்கள் இரண்டிரண்டு துண்டாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு மஞ்சள் அட்டை. மூன்றாம் பரிசு.

"மூணாவதா?" அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்போ ஒண்ணும் ரெண்டும்?"

திருமதி ஓல்ட்ராய்டு கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "குடுக்கலே. அந்தத் தரம் இல்ல."

போன பதினோரு வருடங்களைப் போலவே இந்த வருடமும் குட்டிக்கோஸ் போட்டிக்கு வந்திருந்தது அவருடைய தட்டு ஒன்றுதான்.