மகனின் பாஸ்வேர்டு

“அந்தப் பெட்டியத் தொட்டேன்னா வயரை அறுத்துப்புடுவேன்லே!”

சத்தம் கேட்டு நிமிர்ந்த ஜோயலின் தலை மேசையில் இடித்தது. அறை வாசலில் அரிவாளோடு நின்றார் சுடலைக்கண்ணு. அவர் மனைவி மாரித்தாய் கணவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“நீ பாருய்யா. அவுக கெடக்காக.”

தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் ஜோயல். காலையில் மாரித்தாய் கடைக்கு வந்து அழுத அழுகையில், ஷட்டரை இறக்கிவிட்டு அச்சன்புதூர் வரை பைக்கில் வந்துவிட்டான்.

அவளுடைய ஒரே மகன் மாரிச்செல்வம், வேறு சாதிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு ஊரைவிட்டுப் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். மிச்சம் இருப்பது இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான்.

“அவன் இருக்குத இடம் இதுல இருக்கும்யா. இவுக அரிவாளோட அலையுதாக. இவுக கண்ணுல படுததுக்கு முந்தி நான் எம் புள்ளைய எங்கயாவது தூரமாப் போவச் சொல்லணும். இல்லன்னா அதுக ரெண்டு பேரு தலையும் தப்பாது.”

“வேற யாரும் பாக்கலியாம்மா?”

“ரெண்டு பேரு வந்தானுவ. இது லினக்ஸாம்லா. எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் போட்டாத்தான் ஆவும்னுட்டானுவ.”

ஜோயலுக்குச் சிரிப்பு வந்தது. “அவனுவளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். ஒரு எழுத்து அழியாம நான் எடுத்துத் தாரேன்.”

கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து, ரெகவரி மோடுக்குள் நுழைந்தான். மாரிச்செல்வம் டிஸ்க்குக்குத் தனிப் பூட்டுப் போட்டிருக்கவில்லை. ஒரே வரிக் கட்டளையில் பழைய பாஸ்வேர்டு போய்ப் புதியது வந்தது.

ஆனால் அதை அடித்ததும் திரை ஒரு நொடி கறுத்து, திரும்பவும் பாஸ்வேர்டு கேட்டது. இன்னொரு முறை அடித்தான். அதே கதைதான்.

கதவு அதிர்ந்தது. குற்றாலத்துச் சாரல் தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்ததால் சுடலைக்கண்ணுவின் பேச்சு முழுதாகக் காதில் விழவில்லை.

“...கும்பிடுதேன்டே... தொறக்காத... பாவம்லே...”

ஜோயலின் விரல்கள் நின்றன. “அவரு அழுதாரா?”

“நடிக்காக. ராணுவத்துல இருந்த மனுசன், அழத் தெரியுமா? நீ சீக்கிரம் பாரு.”

அவன் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ மூன்றையும் சேர்த்து அழுத்தினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தான். ஒரு துளிகூட இல்லை.

“இதைத் தினமும் ஆன் பண்ணி வச்சியளோ?”

“ஆமாய்யா. என்னைக்காவது தொறக்காதான்னு ராவும் பகலும் ஓட விட்டிருந்தேன்.”

அதுதான் கோளாறு. வைஃபை சரியில்லாமல் போய், ஒரே பிழைச் செய்தியை மூன்று மாதமாக, நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் கம்ப்யூட்டர் எழுதித் தள்ளியிருக்கிறது. டிஸ்க் நிரம்பி, உள்ளே நுழைய இடமில்லை. அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டு மறுபடி பாஸ்வேர்டை அடித்தான்.

இந்த முறை திறந்துகொண்டது. திரையில் மாரிச்செல்வமும் அந்தப் பெண்ணும் ஐந்தருவிப் பாலத்தில் நனைந்தபடி சிரித்தார்கள். மாரித்தாய் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று ஜோயல் நினைத்தான்.

தன் போனைக் கேபிளில் மாட்டி நெட் கொடுத்தான். ஃபயர்பாக்ஸில் மகனின் மெயில் பூட்டாமலே இருந்தது. புது மெயில்கள் மளமளவென்று இறங்கின. போன வாரம் பிரஷர் குக்கர் ஒன்று ஆர்டர் செய்திருக்கிறான்.

“அம்மா, கெடச்சிட்டு! புளியறை தாண்டிப் புனலூர்லதான் இருக்காவ. பக்கம்தான்!”

மாரித்தாய் காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினாள். அவன் முகவரியை எழுதினான்.

“வேற என்ன போட்டிருக்கு? எல்லாத்தையும் படிய்யா.”

பார்சல் கொண்டுவருபவருக்கு மாரிச்செல்வம் இங்கிலீஷில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். ஜோயல் அதைத் தமிழில் சொன்னான். “ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும் எனக்கு வேலை. போன் எடுக்க முடியாது. மனைவி வீட்டுல இருப்பா, அவகிட்ட குடுத்திருங்க.”

“அவ மட்டும் இருப்பாளா?”

“அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க ஞாயித்துக்கெழம போங்கம்மா, ரெண்டு பேரையும் சேத்துப் பாக்கலாம்.”

மாரித்தாய் அவன் தலையைத் தடவினாள். “நீ நல்லா இருப்பய்யா.”

ஜோயல் கேபிளைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். கதவுக்கு வெளியே சத்தம் அடங்கியிருந்தது. தாழ்ப்பாளை நீக்கினான். வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சுடலைக்கண்ணு. அரிவாள் ஒரு மூலையில் கிடந்தது.

“குடுத்துட்டியாலே?” என்றார், நிமிராமல். “எம் பொண்டாட்டி அண்ணன்மாருக்கு இனி வழி தெரிஞ்சு போச்சு.”

ஜோயல் திரும்பிப் பார்த்தான். காலண்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்தபடி மாரித்தாய் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“எம் புள்ள வேலைக்குப் போன பொறவு அவளை முடிச்சிருங்கண்ணே.”