இரண்டாம் கியர் ஓரத்து நசுங்கல்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர் தகட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். கியர் கம்பி நகர்வதற்கு வழிகள் வெட்டிய தகடு அது. பக்கத்தில், அச்சு அசலாக அதைப் பார்த்துச் செய்த புதுத் தகடு மின்னியது.

"உன்கிட்ட இருக்கிற எல்லாம் என்கிட்டயும் இருக்கு. இரண்டாம் கியர் ஓரத்து நசுங்கல்கூட!" என்றது புதுசு.

"அது எப்படி வந்துச்சு, தெரியுமா?" என்றது பழசு.

"எப்படி?" என்றது புதுசு.

"மலை இறக்கத்துல பிரேக் போயிடுச்சு. ஓட்டினவர் கம்பியை ஓங்கி இரண்டாவதுக்கு இழுத்தார். அது என் ஓரத்துல இடிச்சுச்சு. பாதாளத்துக்கு ஒரு முழம் முன்னாடி வண்டி அடங்குச்சு. பின்சீட்டுல கைக்குழந்தை தூங்கிட்டிருந்துச்சு."



புதுசைக் காரில் பூட்டினார்கள். கியர் கம்பி நசுங்கலருகே வந்ததும் தயங்கி, "அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டது.

"அடி வாங்கினது நானில்லை," என்றது புதுசு. "மேசைமேல இருக்காரே, அவர்."