மஞ்சள் கோடு

"பன்னிரண்டு நாள் சார். வெறும் பன்னிரண்டு நாள். வாரண்டி முடியற வரைக்கும் உங்க இன்ஜின் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, முடிஞ்சதும் பொட்டுனு போயிடுச்சு. இதை நான் நம்பணும்?"

தம்பி மேஜையைத் தட்டினான். கார் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஃபோர்மேனின் டீ டம்ளர் ஒரு முறை குதித்து அடங்கியது.

காத்திருந்த நான்கைந்து பேர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். நியாயம் அவன் பக்கம்தான் என்று அவர்கள் முகமே சொன்னது.

கார் அக்காவுடையது. அவள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு எட்டு வீடு. கார் நின்றுபோய் ஒரு வாரமாகிறது. பஸ்ஸில் அலைந்தால் மூன்று வீட்டுக்கு மேல் முடியவில்லை.

"ஆயில் மாத்தாம ஓடின வண்டி சார்," என்றார் ஃபோர்மேன். "திறந்து பாத்தா உள்ள இருக்கிறது ஆயிலே இல்ல. தார் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது."

"யார் காதுல பூ சுத்தறீங்க?" தம்பி சர்வீஸ் புத்தகத்தை அவர் முன்னால் விரித்துப் போட்டான். "எண்ணிக்கோங்க. மூணு வருஷம், ஆறு சர்வீஸ், ஆறு சீல். உங்ககிட்ட வந்தா நாலு நாள் காக்க வைக்கிறீங்கன்னு வெளி ஒர்க்‌ஷாப்ல விட்டோம். அது குத்தமா?"

"குத்தமில்ல. எங்க விட்டாலும் ஒழுங்கா செஞ்சிருந்தா போதும்."

"அப்புறம் என்ன?"

ஃபோர்மேன் சர்வீஸ் புத்தகத்தை மூடினார். மேஜை ஓரத்தில் செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தனியா இருக்கிற பொம்பளைதானே, சொன்னதுக்குத் தலையாட்டிட்டுப் போயிடுவான்னு நினைச்சீங்க. கேக்கறதுக்குத் தம்பின்னு ஒருத்தன் இருக்கேன்."

"மெதுவாப் பேசுடா," என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா. உன் நல்ல மனசுதான் இவங்களுக்கு வசதியாப் போச்சு."

"சரியாக் கேட்டீங்க சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போன மாசம் எனக்கும் இதே கதைதான்."

தம்பிக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது போலிருந்தது.

ஃபோர்மேன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு தடவையும் நீங்களேதான் வண்டியை விட்டீங்களா?"

"நானேதான். ஆபீசுக்கு லீவு போட்டுட்டு."

"ஆயில் ஃபில்டர் மாத்தினதைப் பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"பாக்காம? என் கண்ணு முன்னாடி பழசைக் கழட்டிப் புதுசை மாட்டினாங்க. ஆறு தடவையும்."

ஃபோர்மேன் அக்காவைப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு லேசாகத் தலையசைத்தாள்.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "தேதி தாண்டினாலும் கம்பெனிகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம். ஆனா சர்வீஸுக்கு விட்டவர் இதுல கையெழுத்துப் போடணும். நிதானமாப் படிங்க சார். அவசரமே இல்ல."

"இதை முதல்லயே எடுத்திருந்தா நான் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாம்ல?"

"படிச்சுப் பாத்துட்டுப் போடுடா," என்றாள் அக்கா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அவன் உரக்கவே படித்தான். "'ஆறு முறையும் நான் நேரில் இருந்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டதைப் பார்த்தேன். இது உண்மை.' இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சர்ரென்று கையெழுத்துப் போட்டான். கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்தான்.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "பிரிச்சுக் காட்டுங்க அண்ணா."

ஃபோர்மேன் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே டம்ளர் அளவில் கரிப்பிடித்த ஒரு ஃபில்டர். அதன் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு.

"வண்டி கம்பெனியில உருவாகும்போது மாட்டற முதல் ஃபில்டர்ல மட்டும்தான் இந்தக் கோடு இருக்கும். கடையில விக்கிறதுல இருக்காது. மூணு வருஷம் கழிச்சு நேத்துதான் இது முதல் தடவையாக் கழண்டுச்சு."

பின்னாலிருந்த குரல் இருமிவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டது.

"அக்கா... அது வந்து... அந்த ஒர்க்‌ஷாப்காரன்..."

"காலையில சாவியும் சர்வீஸுக்குக் காசும் வாங்கிட்டுப் போவே. சாயந்திரம் பளபளன்னு கழுவிக் கொண்டாந்து நிறுத்துவே. அந்தப் பளபளப்புலதான் ஏமாந்துட்டேன்."

தம்பி ஃபோர்மேன் பக்கம் திரும்பினான். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் குரல் தணிந்திருந்தது. "அந்தப் பேப்பரைக் கம்பெனிக்கு அனுப்பிடாதீங்க சார்."

அக்கா தாளை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கம்பெனிகிட்ட எதுவும் கேக்கப்போறதில்லன்னு நேத்தே இவர்கிட்ட சொல்லிட்டேன்டா. இது நான் வீட்ல டைப் அடிச்ச பேப்பர். நீ கையெழுத்துப் போடாம இருந்தா, அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம்னும் சொல்லியிருந்தேன்."