கவிழ்த்த குடம்

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. நடுக்கடலில் குடிதண்ணீர் தீர்ந்துபோனால் வெறுங்குடத்தைத் துடுப்பில் கவிழ்த்து உயர்த்திப் பிடிப்பார்கள். அதைக் காண்கிற படகு, பகையாளியுடையதாக இருந்தாலும், வந்தே தீரும்.

உள்நாட்டுச் சண்டை கரைவரை வந்துவிட்டது. கிணறுகள் இருந்த பக்கத்தைப் படை பிடித்த பிறகு, சூசைநாதன் தன் மனைவி எமில்டாவோடு வள்ளத்தில் போனான். நங்கூரமிட்டு நின்ற வெளிநாட்டுக் கப்பலுக்கு முன்னால் குடத்தை உயர்த்தினான். மேலே இருந்தவர்கள் தொலைநோக்கியால் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ சுத்தமான தமிழில் சொன்னார்: “நாங்கள் நடுநிலை வகிக்கிறோம். அவர்களுக்கும் எதுவும் கொடுக்கவில்லை. உங்களுக்கும் கொடுக்க முடியாது.”

“அவங்களுக்குப் பின்னால ஒரு நாடே கிடக்கு, ஐயா!” என்று கத்தினான் சூசைநாதன். “எங்களுக்குப் பின்னால கடல்தான் கிடக்கு. அதிலயும் நீங்கள்தான் நிக்கிறியள்.”



கரைக்குத் திரும்பி, கவிழ்த்த குடத்தோடேயே துடுப்பை மணலில் நட்டான். குடத்தை எடுக்கப் போனவனை எமில்டா தடுத்தாள். “இருக்கட்டும். அவையள் இன்னும் பாத்துக்கொண்டுதான் நிக்கினம். எங்கட வழக்கம் தெரியாத ஆக்கள், விளங்கக் கொஞ்சம் நேரமெடுக்கும்.”

சில நாட்களில் வெடிச்சத்தம் ஓய்ந்தது. இப்போது ஒரு பக்கம்தான் மிஞ்சியிருந்தது. கப்பலிலிருந்து முதல் படகு தண்ணீர்ப் பீப்பாய்களோடு வந்து சேர்ந்தபோது கரையில் ஒருவரும் இல்லை. மாலுமி ஒருவன் மணலில் நின்ற துடுப்பிலிருந்து குடத்தை இறக்கி, நிமிர்த்தி வைத்து, கழுத்துவரை நிரப்பினான்.