குசினிக்கு இருபத்துமூன்று அடி

“இஞ்சேரும், இன்னும் முந்நூற்றி அறுவது அடி கிடக்கு. ஒரு தேத்தண்ணி கொண்டுவாரும்!”

நடராசா மாஸ்ரர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். மணி நாலரை. ஆறு மணிக்கு மகள் கோபிகா கொழும்பிலிருந்து அழைப்பாள்.

இடுப்பு ஒப்பரேசன் முடிந்து பதினொரு கிழமை, இரண்டரை மாதம். அந்தப் பதினொரு கிழமையும் மாஸ்ரர் பட்ட பாடு கரவெட்டி ஊர் முழுவதற்கும் தெரியும், அவரே சொல்லியிருந்தார். பதினேழு நாள் கடைச் சாப்பாடு. ஒழுங்கான நித்திரை இல்லை.

டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒரு நாளைக்கு இரண்டாயிரம் அடி. ஏழு நாள் விடாமல் நடந்துவிட்டால் பிறகு தடி தேவையில்லை, தூரப் பயணமும் போகலாம். கோபிகா அதோடு விடவில்லை. அடி எண்ணுகிற செயலி ஒன்றைப் போனில் போட்டுவிட்டு, “ஒரு நாள் குறைஞ்சாலும் ரெண்டு பேரையும் வெள்ளவத்தைக்கு ஏத்திப்போடுவன்” என்று சொல்லியிருந்தாள்.

வெள்ளவத்தை! கொழும்பில் மகளின் வீடு, மூன்றாம் மாடி. யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரரின் யன்னல். ஐஸில் கிடந்த மீன். சாய்மனைக் கதிரை வைக்க இடமே இல்லை. நினைக்கவே மாஸ்ரருக்கு வேர்த்தது. பக்கத்தில் சாய்த்திருந்த கைத்தடியை எடுத்து, எழும்பாமலே விசிறியின் சுவிச்சைத் தட்டினார்.

இன்றைக்கு ஏழாம் நாள்.

ஞானாம்பிகை தேத்தண்ணியோடு வந்தாள். போன் அவளுடைய சோட்டிச் சட்டைப் பொக்கற்றில் இருந்தது. மாஸ்ரர் அதை வாங்கிப் பார்த்தார்.

“குசினிக்கு இருபத்திமூண்டு அடி. போய்வர நாப்பத்தாறு. இன்னும் முந்நூற்றிப் பதினாலு.” முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர்.

“நடக்கவேண்டியது ஆரெண்டு டொக்டர் வடிவாத்தானே சொன்னவர்?” என்றாள் அவள்.

“ஓமப்பா, ஓம். அதைத்தானே நானும் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“போனைக் கொஞ்ச நேரம் நீங்களும் வைச்சிருங்கோவன்.”

“என்ரை சாரத்துக்கு எங்கையப்பா பொக்கற்? உம்மடை சோட்டிக்குத்தான் இருக்கு.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மிடறு குடித்தார். “சீனி காணாது.”

மறுபடியும் நாற்பத்தாறு.

“வாசல் படலையிலை கடிதம் ஏதும் கிடக்கோ, ஒருக்காப் பாரும்.”

“இந்தக் காலத்திலை ஆர் உங்களுக்குக் கடிதம் போடுறது?”

“எண்டாலும் பாரும்.”

கடிதம் இல்லை. எண்பத்துநான்கு அடி இருந்தது.

அவள் குசினிக்குள் போன நேரம், பக்கத்து வீட்டுத் தனுஷா கத்தரிக்காய்ப் பையோடு வந்தாள்.

“ஒப்பரேசன் நோவு இப்ப எப்பிடி மாமா?”

“என்னத்தைச் சொல்ல, பிள்ளை? நேற்றிரவும் ஒரு பொட்டு நித்திரை இல்லை. கதிரையிலை கிடந்து முதுகும் பிடிச்சுப்போச்சு.” பெருமூச்சு விட்டார். “இஞ்சேரும், கத்தரிக்காய் வந்திருக்கு. வந்து வாங்கும்!”

ஞானாம்பிகை வந்து வாங்கினாள்.

“மாமி, நாளைக்குப் பின்னேர பஸ்ஸிலை கொழும்புக்குப் போறன். கோபிகா அக்காவுக்கு ஏதும் குடுத்துவிடுறியளோ?”

“யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை” என்றாள் ஞானாம்பிகை.

ஐந்தரைக்கு இன்னும் நூறு அடி மிச்சம். மாஸ்ரர் பதறிப்போனார்.

“தண்ணி ஒரு கிளாஸ்!”

கொண்டுவந்தாள்.

“கிணத்தடியிலை மோட்டர் நிண்டிட்டுதோ, பாரும்!”

“காலமையே நிண்டிட்டுது.”

“திருப்பிப் பாரும். கண்ணாலை பாத்தால்தான் நிச்சயம்.”

அவள் மெல்லப் போய், கண்ணால் பார்த்து, மெல்ல வந்தாள். மாஸ்ரருக்குக் களைத்துவிட்டது. தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். இரண்டாயிரத்து ஆறு.

“பாத்தீரே! நான் இல்லாட்டி இந்த எண்ணிக்கை எங்கை நிண்டிருக்கும், சொல்லும் பாப்பம்?”

“குசினியிலை.”

அவர் அதைக் காதில் விழுத்தவில்லை. போன் அடித்தது. திரையில் கோபிகா.

“ரெண்டாயிரத்தி ஆறு, பிள்ளை!” போனைக் கைக்கெட்டிய தூரத்தில் நீட்டிப் பிடித்தார். “ஏழு நாள்! ஒரு நாள் தவறேல்லை! நான் ஆர்?”

“நானும் இஞ்சையிருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான் அப்பா. கெட்டிக்காரர்.”

“அப்ப வெள்ளவத்தைக் கதை முடிஞ்சுது.”

“உங்களுக்கு முடிஞ்சுது அப்பா. அம்மாட்டைக் குடுங்கோ.”

மாஸ்ரர் வெற்றியோடு போனை நீட்டிவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடினார். இன்றிரவு நல்ல நித்திரை வரும் என்று தோன்றியது.

ஞானாம்பிகை போனை வாங்கினாள். கதிரையில் சாய்ந்திருந்த தடியையும் எடுத்து, மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.

“டொக்டர் சொன்ன ஏழு நாளும் முடிஞ்சுது பிள்ளை. என்ரை புது இடுப்பு இனிப் பஸ் ஏறும். நாளைக்குத் தனுஷாவோடை வெளிக்கிட்டு வாறன், ஒரு மூண்டு மாதம் நிக்க” என்றாள். “போனை அப்பாட்டை விட்டிட்டு வாறன். பொக்கற் வைச்ச களிசான் அலுமாரியிலை கிடக்கு. குசினிக்கு இருபத்திமூண்டு அடிதான்.”