ஜிபிஎஸ் போய்விட்டால்

“ஜிபிஎஸ் போயிடுச்சு. விமானம் எங்க இருக்குன்னு எப்படிச் சொல்வீங்க?” என்றான் பிரவீன்.

“திசைகாட்டியும் கடிகாரமும் போதும்” என்றாள் மஞ்சுளா. “கிழக்கே போறேன். நிமிஷத்துக்கு மூணு கிலோமீட்டர் வேகம். ஒரகடத்தைத் தாண்டி அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா பதினஞ்சு கிலோமீட்டர் வந்துட்டேன்.”

“தெற்கேர்ந்து காத்து அடிக்குதே?”

“வடக்கே தள்ளப் பார்க்கும். அதனால விமானத்தோட மூக்கைக் கொஞ்சம் தெற்கே திருப்பியே வச்சிருப்பேன். அப்பதான் நேரா கிழக்கே போகும்.”

“கணக்கு சரின்னு எப்படித் தெரியும்? கீழ ஃபேக்டரிக் கூரையைப் பார்ப்பீங்களா?”

“மேலேர்ந்து எல்லாக் கூரையும் ஒரே மாதிரிதான். செங்கல்பட்டு ரயில் பாதை குறுக்கே வரணும். வந்தா கணக்கு சரி.”

பிரவீன் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும்போது கதவு தட்டப்பட்டது.

மஞ்சுளா திறந்தாள். பட்டுப் புடவை சரசரத்தது. வெளியே அவள் அப்பா பரசுராமன் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், பெண் பார்க்க வந்திருந்த பிரவீனின் வீட்டார் பஜ்ஜித் தட்டோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.

“தனியா பேசணும்னு போனீங்களே, இன்னாம்மா முடிவு?”

“கல்யாணம் இப்ப வேணாம்ப்பா. நாளைக்கு எனக்குப் பைலட் பரீட்சைன்னு எவ்ளோ சொன்னேன்! நீ கேக்காம இவங்களை வரச் சொல்லிட்ட. அதான், உள்ள வந்ததும் புத்தகத்தை இவர் கையில குடுத்து கேள்வி கேக்கச் சொன்னேன்.”

பரசுராமனின் முகம் சிவந்தது. “மாப்ள, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?”

“கொஞ்சம் வெளிய இருங்க மாமா” என்றான் பிரவீன், புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். “இன்னும் ரெண்டு பாடம் பாக்கி.”